எரர் கிளியர் பண்ணியாச்சு சார்!

கார் சர்வீஸ் சென்டரில் நடப்பது பண்டமாற்று. நீங்கள் ஒரு கோளாறைக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்றைத் தருகிறார்கள். கொடுத்ததற்கு லேபர் சார்ஜ் உண்டு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வாங்கி வருவதற்குப் பில் கிடையாது. அது கம்பெனியின் அன்பளிப்பு.

கிளியனூர்க்காரர்களுக்கு இந்த அன்பளிப்பை வாங்கிவர இரண்டு திசைகள் உண்டு. ஒரு பக்கம் திண்டிவனம், மறுபக்கம் புதுச்சேரி. நான் போனது புதுச்சேரிப் பக்கம். சர்வீஸ் சென்டரின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரை எழுதினாலும், வேறு கம்பெனி கார் வைத்திருப்பவர் 'நமக்கு நடந்ததும் இதேதான்' என்று சொல்லப்போகிறார்.

கொடுத்தது கிளட்ச் பிளேட் மாற்ற. வாங்கும்போது கார் பளபளவென்று இருந்தது. வாட்டர் வாஷில் மட்டும் இந்தத் தொழிலில் யாரும் குறை வைப்பதில்லை. கிளட்சும் வெண்ணெயாக இறங்கியது, பொய் சொல்லக்கூடாது. மொரட்டாண்டி டோல்கேட்டை நெருங்கும்போது மீட்டர் போர்டில் தீபாவளி தொடங்கியது. ஏபிஎஸ் விளக்கு எரிந்தது, ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது, ஏர்பேக் விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு மட்டும் எரிவதா அணைவதா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தது. வரிசையில் நின்றபோது இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. பின்னால் சனிக்கிழமைச் சென்னைக் கார்கள் ஹாரனிலேயே திட்டின. ஃபாஸ்டேக் மட்டும் ஒழுங்காக வேலை செய்து காசைப் பிடித்துக்கொண்டது. பாவம், அது காரின் கரண்டை நம்பிப் பிழைப்பதில்லை.

அந்த நேரம் பார்த்துதான் போன் வந்தது. "சார், சர்வீஸ் எப்படி இருந்தது? கம்பெனியிலிருந்து ஒரு கால் வரும், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார், ஒன்பது சொன்னாக்கூட எனக்குப் பிரச்சினை ஆயிடும்." காரைத் தள்ளிக்கொண்டே கேட்டேன். பத்துக்கு ஒரு மார்க் குறைந்தால் அந்தப் பையனுக்குச் சம்பளத்தில் கை வைப்பார்கள். என் கார் நடுரோட்டில் நின்றால் யாருடைய சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

திரும்பக் கொண்டுபோனேன். விசாரணை தொடங்கியது. காரை அல்ல, என்னை.

"எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஏதாவது போட்டீங்களா சார்? ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லேம்ப்?" இல்லை. "எலி கடிச்சிருக்கலாம் சார், கிராமத்துல நிறுத்துறீங்க இல்ல?" எலி, அவர்கள் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்வரை நோன்பிருந்து, டெலிவரி எடுத்த அன்றைக்கு மொரட்டாண்டியில் விரதம் முடித்திருக்கிறது. அடுத்து வந்தது துருப்புச் சீட்டு. "உங்க ஏரியா ஃபெஞ்சல்ல மாட்டின ஏரியாதானே சார்? வயரிங்ல தண்ணி இறங்கியிருக்கும்."

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் வயல் போயிற்று, மாடு போயிற்று, வீடு போயிற்று. மிச்சம் இருந்த துயரம் சர்வீஸ் சென்டர்களுக்கு மூலதனம் ஆயிற்று. இந்த மாவட்டத்துப் பதிவெண்ணோடு எந்த வண்டி உள்ளே நுழைந்தாலும் இனி ஹெட்லைட் எரியாததற்கும் ஹாரன் அடிக்காததற்கும் காரணம் புயல்தான். மேட்டில் நின்ற என் காரில் டயர் நனைந்ததோடு சரி என்று சொன்னேன். வானிலை ஆய்வு மையத்தைவிட சர்வீஸ் சென்டர்க்காரருக்கு நிச்சயம் அதிகம். தலையை ஆட்டிவிட்டு ஸ்கேனரைச் செருகினார்.

இந்த ஸ்கேனரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய காரில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, விளக்கு, கதவு, வைப்பருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பெட்டி. எல்லாம் பொது வயர்களில் பேசிக்கொள்கின்றன. வோல்டேஜ் சரிந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்கு ஒரு புகார் எழுதி வைத்துக்கொள்ளும். எந்தப் புகார், எப்போது எழுந்தது என்று ஸ்கேனரில் பொறுமையாகப் படித்தால் மூலகாரணத்தின் வாலைப் பிடித்துவிடலாம். படிக்க நேரம் வேண்டும். நேரத்துக்கு டார்கெட் கிடையாது; ஏசி கிருமிநீக்கம், இன்ஜின் கோட்டிங், சீட் பாலீஷ் விற்பதற்குத்தான் டார்கெட். எனவே புகார்களை அழிக்கும் பட்டனை அழுத்தினார். மீட்டர் போர்டு துடைத்துவிட்ட பலகைபோல் ஆனது.

"எரர் கிளியர் பண்ணியாச்சு சார்!"

கேஸ் கட்டைக் கொளுத்திவிட்டு 'குற்றம் எதுவும் நிலுவையில் இல்லை' என்று அறிவிக்கும் போலீஸ் ஸ்டேஷனை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. எந்தச் சாட்சியை வைத்து நான் நாளைக்கு அவர்களைக் கேள்வி கேட்க முடியுமோ, அந்தச் சாட்சியை என் கண்ணெதிரே அழித்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்தார்கள்.

விளக்குகள் அன்று மாலையே திரும்பி வந்துவிட்டன. அடுத்த வைத்தியம் புது பேட்டரி. அதற்கும் அடங்கவில்லை. "பாடி கன்ட்ரோல் மாட்யூல் போயிருக்கு சார், மாத்தணும்" என்றார்கள். அவர்கள் நீட்டிய எஸ்டிமேட்டில் நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்று வாங்கலாம். மாற்றியும் சரியாகாவிட்டால்? "வயரிங் ஃபுல்லா மாத்தி பார்க்கலாம் சார்." பார்க்கலாமாம். என் காசில் இவர்கள் எலக்ட்ரிகல் படிக்கிறார்கள். ஃபீஸ் மட்டும் மாணவர் வாங்கிக்கொள்கிறார்.

கிளியனூர் ரோட்டோரத்தில் பேட்டரி கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கடைசியில் வண்டியைக் காட்டினேன். அவரிடம் ஸ்கேனர் இல்லை. டெஸ்ட் லேம்ப்பும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தன. "என்ன வேலை பார்த்தாங்க தம்பி?" என்று கேட்டார். இவ்வளவு நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. கிளட்ச் என்றேன். வேறு எதையும் கேட்கவில்லை. பேட்டரியின் மைனஸில் ஒரு கம்பி, கியர்பாக்ஸ் உடம்பில் ஒரு கம்பி என்று மீட்டரை வைத்துவிட்டு, "செல்ஃப் அடி" என்றார். எர்த் நன்றாக இருந்தால் அங்கே அரை வோல்ட்டுகூடத் தேறாது. ஐந்தைத் தாண்டிக் குதித்தது முள். கீழே கைவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் தட்டை எர்த் வயரை இரண்டு விரலால் ஆட்டிக் காட்டினார். ஆடியது. கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கும்போது கழற்றிய போல்ட். திரும்ப மாட்டியவர்கள் கையால் திருகியதோடு விட்டிருக்கிறார்கள். ஸ்பேனர் வைக்கவில்லை. பெரியவர் உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, "எர்த் விடல, அவ்ளோதான்" என்றார். இருநூறு ரூபாய் கொடுத்தேன். மீதி தரப் பார்த்தார்.

கியர்பாக்ஸை ஏற்றிய பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்து அவனை விரட்டுகிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் மட்டும் மாறியது. "வெளியில காட்டிட்டீங்களா? அப்போ வாரண்டி போயிடுமே சார்!"

கேளுங்கள், இந்த மிரட்டலுக்கு வயது அதிகம். ஷம்ஷேர் கட்டாரியா என்ற ஒரு தனி மனிதர் 2011ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார்: உதிரிபாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும் கார் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்திருக்கின்றன என்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டியே கிடையாது என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் ரிட், மேல்முறையீடு என்று கிளம்பின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது நீக்கும் உரிமை' என்று ஒரு வலைத்தளம் திறந்தது. கார்களுக்கும் அதில் இடம் உண்டு. வலைத்தளம் போல்ட் முறுக்காது. மேனேஜர் இன்னும் பழைய பல்லவியைத்தான் பாடுகிறார். அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை போலும்.

இந்தியாவின் டெட்ராய்ட் என்று நமக்கொரு பட்டம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ ஆலை. முதலீட்டாளர் மாநாடு தவறாமல் மேடையேறிக் கைகுலுக்குகிறோம். டெட்ராய்டில் காரைச் செய்துவிடலாம். செய்த காரின் எர்த் போல்ட்டை முறுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

என் பில்லின் பின்பக்கம், எறும்பு படிக்கும் அளவு எழுத்தில் இரண்டு வாசகங்கள். ஒன்று: வேலைக்குப் பின் வரும் கோளாறுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. இரண்டு: வழக்கு எதுவும் புதுச்சேரி நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது. கோரிமேடு எல்லையைத் தாண்டி அலைந்து வழக்காட நமக்குத் தெம்பு இருக்காது என்று அவர்கள் போட்ட கணக்கு அது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர்கள் படிக்கவில்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது அது. கொடுத்த காசு ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

எனவே கார் வைத்திருக்கும் அன்பர்களே, சாவியைக் கொடுக்கும் முன் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் போர்டைப் போனில் வீடியோ எடுங்கள். சொன்ன புகாரை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுத வையுங்கள். எரர் கிளியர் செய்யும் முன் அந்தப் பட்டியலை அச்செடுத்துத் தரக் கேளுங்கள்; தரமாட்டேன் என்றால் ஸ்கேனர் திரையைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் மனு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதி முடித்தாயிற்று. பேட்டரி பில்லையும் பெரியவர் மீட்டர் வைத்தபோது எடுத்த வீடியோவையும் அதோடு இணைத்திருக்கிறேன்.