எங்களைப் பார்த்தது போதும், உங்களைக் காட்டுங்கள்

ஸ்கந்தபுரம்,
கிளிநொச்சி.

டிஜிட்டல் பொருளாதார அமைச்சின் மாண்புமிகு அதிகாரிகளுக்கு,

பொருள்: தங்கள் டிஜிட்டல் புரட்சிக்கு நன்றி கூறலும், அதன் மறுபாதியைக் கேட்டலும்.

இணைப்பு: தேசிய அடையாள அட்டை போட்டோப்பிரதி மூன்று (இரு பக்கமும்). நீங்கள் கேட்கவில்லைதான். எப்படியும் கேட்பீர்கள்.

ஐயா, அம்மா,

பதியப்படுவதில் வன்னிச் சனத்துக்குப் பழுத்த அனுபவம் உண்டு. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பதிந்தார்கள். திரும்பி வந்தபோது மீள்குடியேற்றத்துக்குப் பதிந்தார்கள். பிறகு வீட்டுத்திட்டத்துக்கு, சமுர்த்திக்கு, அஸ்வெசுமவுக்கு. ஆகவே தாங்கள் தயாரிக்கும் டிஜிட்டல் அடையாள அட்டைக்கு முகமோ, கைரேகையோ, கருவிழியோ எது வேண்டுமென்றாலும் எங்களிடம் மறுப்பில்லை. வரிசைக்கு வரும்போது குடையும் தண்ணீர்ப் போத்தலும் நாங்களே கொண்டுவருவோம்.

2025 பெப்ரவரி 7ஆம் திகதி ஜனாதிபதி கவ்பே சேவையைத் தொடக்கி வைத்தார். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசை இனிப் போனிலேயே கட்டலாம். இரண்டு நாள் கழித்து, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைக்க, நாடே இருண்டது. குரங்குதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். நாடு சிரித்தது, நாங்கள் சிரிக்கவில்லை. நடந்தது என்ன, யாரால் நடந்தது என்று அன்றைக்கே அரசாங்கம் வாய் திறந்து சொன்னதைக் கண்டு நெகிழ்ந்துபோனோம். எங்கள் விண்ணப்பங்கள் ஏன் நிராகரிக்கப்படுகின்றன என்பதற்கும் இப்படி ஒரு காரணம் சொல்லுங்கள். குரங்கின் பெயரில் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

அஸ்வெசுமவையே எடுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய இந்த நிவாரணத் திட்டத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு ஏழை என்பதைக் கணக்கிட 22 அளவுகோல்கள். படிப்பு, நோய், வீடு, சொத்து, மின்சாரப் பாவனை, எல்லாவற்றையும் கேட்டுக் கணினியில் ஏற்றினார்கள். பட்டியல் வெளிவந்ததும் நாடு முழுவதிலுமிருந்து பத்து இலட்சத்தை நெருங்கும் மேன்முறையீடுகள் குவிந்தன. நிறுத்தது சரியாகவே இருக்கலாம். தராசின் முள்ளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டவில்லை என்பதுதான் முறைப்பாடு. இன்ன பெண் ஏன் 'மிக வறியவர்' ஆகவில்லை என்று விதானையாரிடம் கேட்டால், 'சிஸ்டம்' என்பார். சிஸ்டத்திடம் எப்படிக் கேட்பது? அதற்குக் கந்தோரும் இல்லை, கதிரையும் இல்லை.

காணி விஷயத்தில் தங்கள் வெளிப்படைத்தன்மை இன்னும் மேலானது. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வந்தது: வடக்கில் 5,941 ஏக்கர், கிளிநொச்சியும் அடக்கம். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி என்றது. வர்த்தமானி இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கூடியதாகவே இருந்தது. பார்த்துவிட்டுக் காட்ட வேண்டிய உறுதிதான் இல்லை. 2008இல் அக்கராயன் பக்கமிருந்து வெளிக்கிட்ட சனம் உறுதியையும் பெர்மிற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடியது. கடைசியில் அந்தப் பைகள் எந்தப் பங்கருக்குள் போயின என்பதற்கு இணையவழிச் சேவை உண்டா? நல்லகாலம், ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆவணத்தைத் தொலைத்தவர்கள் என்று எங்களுக்குள் ஒரு வெட்கம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தவர்களும் அரசாங்கத்தினர்தான். 2023இல் அரச கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் பாய்ந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதியும் இல்லை. ஷெல்லடி இல்லை, இடப்பெயர்வு இல்லை, கடல்நீரேரி கடக்கவில்லை; இருந்தும் தொலைந்தது. அதற்காக ஒருவரும் அரசாங்கத்திடம் சத்தியக்கடதாசி முடித்துக் கொண்டுவரச் சொல்லவில்லை. எங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

முடியாத காரியத்தைக் கேட்கிறோம் என்று எண்ண வேண்டாம். 2022இல் பெற்றோல் தட்டுப்பட்டபோது எரிபொருளுக்கான கியூஆர் முறை சில கிழமைகளுக்குள்ளேயே நாடெங்கும் ஓடத் தொடங்கியது. நன்றாகவும் ஓடியது. எங்களுக்கு அளந்து தர வேண்டிய நேரத்தில் மென்பொருள் பறக்கிறது. எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் அதற்கு நோய் வருகிறது.

இனிப் பகடி இல்லாமல் ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தகவல் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதே மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டதும் தகவல்தான்: போர் முடிவில் இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே? அந்த ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணம் வந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, சரணடைந்தோர் பட்டியலை வெளியிடச் செய்வதாக அவர்களிடம் உறுதியளித்தார். பட்டியல் வரவில்லை. பதில் பார்த்திருந்த தாய்மார் பலர் இறந்துபோனார்கள். மெனிக் பாமில் எங்களை வரிசையாக நிறுத்திப் பதிந்த அரசுக்கு, யார் யாரைத் தான் பொறுப்பெடுத்தது என்ற கணக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

ஆகவே தயவாகக் கேட்பவை:

1. விண்ணப்பம் யாருடைய மேசையில், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை விண்ணப்பித்தவர் தன் போனில் பார்க்க வழி செய்க.
2. நிராகரித்தால் காரணத்தையும் புள்ளியையும் எழுத்தில் தருக.
3. போரில் தொலைந்த காணி ஆவணங்களுக்கு, கந்தோரிலுள்ள பதிவேட்டைத் தேடும் வேலையை அரசாங்கமே பொறுப்பேற்க.
4. சரணடைந்தோர் பட்டியலை வெளியிடுக. அதற்குச் செயலி வேண்டாம். ஒரு தாள் போதும்.

பதிலைத் தமிழில் அனுப்பவும். மொழிபெயர்ப்பாளர் இல்லை என்ற பதில் சிங்களத்தில் வர வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

இப்படிக்கு,
பலமுறை பதியப்பட்ட ஸ்கந்தபுரத்தவன்