26-க்கு 26 பொருந்தாமை: ஓர் ஆய்வு

சைக்கிளில் பழையதைக் கழற்றி உயர்ரகம் ஒன்றை மாட்ட நினைப்பவர், பாகத்தின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பிக் கடைக்குப் போகிறார். எண் அளவைக் குறிக்கும் என்பது அவரது கோட்பாடு. அக்கோட்பாட்டை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டயரை எடுத்துக்கொள்வோம். 26 என்பது எதன் அளவு? ரிம்மினது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? டயரை மாட்டிக் காற்றடித்தபின் வெளிவிட்டம் 26 அங்குலம் வரவேண்டும் என்று முன்னோர் போட்ட கணக்கு அது. டயர் ஒல்லியானால் ரிம் பெருக்கவும், டயர் தடித்தால் ரிம் சிறுக்கவும் வேண்டும். அப்போதுதான் கூட்டுத்தொகை தவறாது. ஆகவே 26 x 1 3/8 டயருக்கு ரிம் 590 மி.மீ.; 26 x 2.0 டயருக்கு 559. பெயர் ஒன்று, பிறப்பு வேறு.

26-க்குப் பின்வரும் அகலமும் ஒத்துவிட்டால் பொருந்துமே எனின், அதுவும் இல்லை. ஒன்றேமுக்காலைப் பின்னமாக எழுதிய 26 x 1 3/4 டயர் 571 ரிம்மில் உட்காரும். அதையே தசமமாக்கி 26 x 1.75 என்று எழுதினால் 559 கேட்கும். கணக்கு நோட்டில் சமமாக இருப்பவை சைக்கிள் கடையில் 12 மி.மீ. விலகி நிற்கின்றன. கணக்கு வாத்தியார்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வியப்பே.

இன்னும் விபரீதம் உண்டு. மலைச்சைக்கிளின் 29 அங்குலச் சக்கரத்துக்கு ரிம் 622. பழைய ரேஸ் சைக்கிளின் 27-க்கு 630. தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளின் 28 x 1 1/2-க்கு 635. மூன்றில் பெரிய எண்ணுக்குத்தான் சிறிய ரிம்.

இவ்வழக்கைத் தீர்க்கவே ஐ.எஸ்.ஓ. 5775 என்னும் தரம் வந்தது. 37-590 என்றால் டயர் அகலம் 37, ரிம் விட்டம் 590, மறுபேச்சில்லை. ஆனால் டயரின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். குழப்பும் 26 கொட்டை எழுத்தில் இருக்கும். உண்மை பேசும் எண், மண்ணைத் துடைத்தால்தான் தெரியும் பொடி எழுத்தில்.

கிராங்க் அச்சு சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்புக்கு வருவோம். உலகில் பரவலான மரை, பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பெயரால் வழங்குவது: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கப்பு இடமரை. பிற திருகுகளைக் கழற்றுவதுபோல் திருப்பினால் இன்னும் இறுகும். இத்தாலிய மரபிலோ விட்டம் 36 மி.மீ., இருபக்கமும் வலமரை. எனவே இத்தாலிய ஃபிரேம் வைத்திருப்பவர் ஸ்பேனரைத் தொடுமுன் ஒருமுறை யோசிக்கலாம்.

எல்லாவற்றிலும் நுட்பமானது சீட் பில்லர். 26.8, 27.0, 27.2 என 0.2 மி.மீ. இடைவெளியில் வரிசை கட்டி நிற்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வெர்னியர் காலிப்பர் இல்லாதவருக்குச் சைக்கிள் கடை அறிஞர்கள் கூறும் ஆய்வுமுறை ஒன்றே: “பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார்.” இதைச் சோம்பல் என்று நான் முதலில் எண்ணினாலும், மேற்சொன்ன எண்களையெல்லாம் அடுக்கிப் பார்க்கையில் இதைவிடச் செறிவான நூற்பா கிடைக்கவில்லை.

27.0 துளையில் 26.8 பில்லரை மாட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் சீட் மெல்ல மெல்ல இறங்கும். குளிர்பான டின்னின் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுச் சுற்றினால் விட்டத்தில் 0.2 கூடும். ஆக, கடைக்காரர் கத்தரித்துச் செருகும் அத்துண்டு அளவியலின்படியே சரி. 27.2 பில்லரை வாங்கிவிட்டவருக்கு இப்பரிகாரம் இல்லை. அவர் சுத்தியலைத் தேடாமல் பில்லைத் தேடுக.