வராத அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு வாடகை வீட்டு ஆய்வாளர் அவர்கள்
(பணியிடம் இன்னும் உருவாக்கப்படவில்லை),
சென்னை.

பொருள்: போர்ஷன் வீட்டின் கூரை, அது தற்சமயம் மேலேயே இருப்பது தொடர்பாக.

ஐயா அல்லது அம்மா,

தாங்கள் இன்னும் பதவி ஏற்கவில்லை என்பது தெரியும். ஏற்ற பிறகு எழுதினால் "உரிய வழியில் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்ற பயத்தில் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு யார்தான் வரவில்லை? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வருகிறார்கள். சொத்துவரிக்குச் சதுர அடி அளக்க வருகிறார்கள். தேர்தல் வந்தால் கும்பிட்டபடியே சமையலறை வரைக்கும் வந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் கொசு ஒழிப்புக்கு ஆள் வருகிறார். போன ஐப்பசியில் வந்த அக்கா கடமை தவறாதவர். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சம்ப் மூடியைத் திறந்தார். மணிபிளான்ட் பாட்டிலைக் கவிழ்த்தார். "புழு இருந்தா ஃபைன் போட்ருவாங்க, பார்த்துக்கோங்க" என்றார். அவர் தலைக்கு நேர் மேலே பூச்சு உதிர்ந்து, துருவேறிய கம்பி ஒரு முழத்துக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு மீதியை எழுதினார். அவர் கையிலிருந்த அட்டையில் கூரைக்குக் கட்டம் கிடையாது.

ஆக, கொசு குடியிருக்கும் இடத்தை ஆய்வு செய்ய ஆள் உண்டு. கொசு வாடகை கொடுப்பதில்லை என்பதைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சட்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-இல் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் இன்னொரு பிடி சிமெண்ட் விழுந்துவிடும். அதன் அட்டவணை படிக்கப் படிக்க இனிக்கிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. வாஷரை நான் உடனுக்குடன் மாற்றிவிடுகிறேன். அவர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமாம். எங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். "தாராளமா சார். அடுத்த மாசம் உங்களையே கழிச்சிடறேன்" என்றார்.

வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். மூன்றும் நாம் ஏறிப் போக வேண்டிய படிகள். ஏறக் கையில் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். எங்களுடையது வாய்மொழி ஒப்பந்தம். பத்து மாத அட்வான்ஸ் மட்டும் ரொக்கம். முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்கிறது சட்டம். சட்டம் சென்னையில் வீடு தேடி அலைந்திருக்காது.

தனியார் வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொன்னால் பாவம் சேரும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில், அரசு வாரியம் கட்டிய குடியிருப்பில் ஒரு பிளாக்கே சரிந்தது. 24 வீடுகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை, ஏனென்றால் விரிசலைக் கவனித்த ஜனங்களே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஆய்வு, எச்சரிக்கை, வெளியேற்றம் மூன்றும் சம்பளமில்லாமல் முடிந்தன. தங்கள் பணியிடத்தை நிரப்பும்போது, முன்னனுபவம் உள்ளவர்கள் என்ற அடிப்படையில் அவர்களைப் பரிசீலிக்கலாம்.

பாழடைந்த கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டும் வழக்கம் ஒன்றும் உண்டு. எங்கள் சுவரில் ஓதம், பசை நிற்காது.

தாங்கள் வரும்போது தயவுசெய்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் முதல் நாள் ராத்திரியே கம்பிமேல் ஒரு கோட் சுண்ணாம்பு ஏறிவிடும். அதைவிட முக்கியம், புகார் வந்த வீட்டுக்கு மட்டும் வராதீர்கள். மீட்டர் பார்க்கிறவர் போல வரிசையாக எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்குங்கள். "யார் புகார் கொடுத்தது?" என்று எங்கள் வாசலில் நின்று கேட்டால் பின்கட்டின் நான்கு போர்ஷன்காரர்களும் ஒரே குரலில் "நல்ல வீடு சார், நல்ல காத்து" என்றுதான் சொல்வோம். அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அந்த நால்வரில் ஒருவன்.

பி.கு.: பெயர் போடாததற்கு மன்னிக்கவும். இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர். அவர் படித்து முடித்த பிறகு இரவல் வாங்கிப் படிக்கிறவன் நான்.