மருங்காபுரி மிதிவண்டித் தடங்களில் முள்ளின் ஆட்சி: ஓர் ஆய்வு

திருச்சிக்கு வரும் வெளியூர்க்காரர்களை வழிகாட்டி நூல்கள் மலைக்கோட்டை, திருவரங்கம், கல்லணை என்று சுற்றவிட்டு ஊருக்கு அனுப்பிவிடும். மாவட்டத்தின் தென்கோடியில் மருங்காபுரி ஒன்றியம் என்று ஒன்று இருப்பதை அவை கண்டுகொள்வதில்லை. காவிரித் தண்ணீர் எட்டாத, வானம் பார்த்த பூமி அது. துவரங்குறிச்சியிலோ மணப்பாறையிலோ இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கி, ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக் காலையில் கிளம்பினால் வண்டிப்பாதை, குளத்துக்கரை, ஒற்றையடித் தடம் என்று எல்லாம் கிடைக்கும். முள்ளும் கிடைக்கும். முள்ளை விட்டுவிட்டு இத்தடங்களை ஆராய்வது காவிரியை விட்டுவிட்டுத் தஞ்சாவூரை ஆராய்வதற்கு ஒப்பாகும்.

முதலில் வகைப்பாடு. இலந்தை முள்ளை இங்கே விரிவாகப் பேச வேண்டியதில்லை. ஒன்று நேராகவும் ஒன்று வளைந்தும் இருக்கும் அதன் இணைமுள் டயரைவிட வேட்டிக்கே பகை. நெருஞ்சி அப்படியன்று. தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூத்துச் சாதுவாகக் கிடக்கும். காய் முற்றி உடைந்தால் ஒவ்வொரு துண்டும் எப்படி உருண்டு விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானம் பார்த்தே நிற்கும். அமெரிக்காவில் இதற்குப் பஞ்சரை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். 1961-இல் இதை அடக்கவென்று வெளிநாட்டு வண்டுகளைக்கூடக் கொண்டுவந்து விட்டார்கள். மருங்காபுரியில் அந்தப் பொறுப்பு ஆடுகளிடம் இருக்கிறது. அவை அவசரப்படவில்லை.

ஆயினும் தலைமை முள் சீமைக்கருவேலமே. தென்னமெரிக்கப் பக்கத்து மரமான இது, சென்னை மாகாண வனத்துறையின் விறகுக் கவலையால் 1877-இல் கடப்பைச் சீமையில் ஊன்றப்பட்டது. தெற்கே பரப்பியவர் யார் என்பதில் டீக்கடை வரலாற்றாசிரியர்களிடையே பல கட்சிகள் உண்டு. நெற்றைத் தின்று விதையை ஊரெல்லாம் போட்ட ஆடுகளை மட்டும் எந்தக் கட்சியும் குற்றம் சொல்வதில்லை. நம் கவனத்துக்குரியது வேறொரு ஆண்டு. பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தது 1888-இல். ஆக முள் முதலில் வந்து, தான் குத்தவேண்டிய பொருளுக்காகப் பதினொரு ஆண்டு பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. இதைத் தற்செயல் என்போரை இவ்வாய்வு ஏற்கவில்லை.

தடப் பராமரிப்பு பற்றிய பழைய ஆணை ஒன்று 879-ஆம் குறளில் உள்ளது: முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிட வேண்டும், முற்றினால் வெட்டுபவன் கையைப் பதம் பார்க்கும். பகையை மனத்தில் வைத்துச் சொன்னது என்று உரையாசிரியர்கள் வாதிடலாம். அவர்கள் குளத்துக்கரையில் சைக்கிள் தள்ளியவர்களாகத் தெரியவில்லை.

தள்ளுவதற்கும் இலக்கணம் உண்டு. காற்று இறங்கியதும் ஏறி மிதிக்க நினைப்பவரை, வரப்பில் நிற்பவர் தவறாமல் திருத்துவார்: “ஏறாதீங்க தம்பி, ரிம்மு கோணிக்கும். தள்ளிக்கிட்டே போங்க, கைகாட்டில கடை இருக்கு.” வளநாடு கைகாட்டி என்று ஊரே இருக்கும் வட்டாரம் இது, வழிகேட்டால் எல்லோரும் ஏதேனும் ஒரு கைகாட்டியைத்தான் காட்டுவார்கள். வேப்பமரத்தில் பழைய டயர் தொங்கினால் அதுதான் கடை. இதிலிருந்து நம் முதன்மை முடிவு பிறக்கிறது: இப்பகுதியில் சுற்றுலாத் தடம் என்பது இரண்டு பஞ்சர் கடைகளுக்கு இடையே சைக்கிளைத் தள்ளக்கூடிய தூரம். கோயில், குளம், கரடு யாவும் அதற்குப் பின்னர்தான்.

கடைக்காரரின் ஆய்வுமுறை நம்முடையதைவிடக் கறாரானது. டியூபை உருவிக் காற்றடித்து, இரும்புச் சட்டித் தண்ணீரில் பாகம் பாகமாக முக்குவார். குமிழி வரும் இடத்தை விரலால் அமுக்கி, துடைத்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டுப் போடுவார். அதோடு விடமாட்டார். டயரின் உட்புறத்தை ஒரு சுற்றுத் தடவி, ஒடிந்து நிற்கும் முள்நுனியைத் தேடிப் பிடுங்குவார். இதைச் செய்யாத கடைக்காரர் அரை மணியில் உங்களை மறுபடி சந்திப்பார். குமிழியே வரவில்லையென்றால் பழி வால்டியூப் மேல் விழும்.

காலத்தைப் பொறுத்தவரை மார்கழி, தை உத்தமம். ஐப்பசி மழையில் தழைத்த நெருஞ்சி அப்போது பச்சையாக இருக்கும். பங்குனி வெயிலில் காய்ந்தபின் அது இரும்பு. நடந்து செல்வோர் பழைய டயரில் தைத்த செருப்பை அணியலாம் என்பது மரபு. டயராக இருந்தபோது தீராத கணக்கை முள் செருப்பிலும் தொடர்கிறது என்பது எதிர்த்தரப்பு.

தீர்வு காணாத வினா ஒன்று மிஞ்சுகிறது. ஒட்டுப் போட்டு முடித்ததும், “இன்னொரு ஓட்டை இருக்கு சார்” என்று கடைக்காரர் காட்டும் அந்த இரண்டாவது ஓட்டை முள்ளால் ஆனதா, டயர் கழற்றும் கம்பியால் ஆனதா? அடுத்த கடை எவ்வளவு தூரம் என்று தெரியாதவரை இவ்வினாவை அவர் முன்னிலையில் எழுப்புவது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று.