ஆறுமணிக்குருவிக்கு ஆதாரம் இல்லை

என் கைப்பேசியில் இருக்கும் பறவைப் படங்களை வரிசையாகப் பார்க்கும் எவருக்கும், சென்னைப் பறவைகளுக்கு முகமே கிடையாது என்றுதான் தோன்றும். எல்லாம் வால். செம்போத்தின் வால், வால்காக்கையின் வால் (அதற்காவது பெயரிலேயே நியாயம் இருக்கிறது), புதருக்குள் முக்கால்வாசி போய்விட்ட கீரியின் வால். சில படங்களில் வாலும் இல்லை, அப்போதுதான் காலியான கிளை மட்டும் மங்கலாக ஆடுகிறது. இவற்றை நான் அழிப்பதில்லை. அந்தக் கிளையில் மாங்குயில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அதாவது, மாங்குயில் என்றுதான் நினைக்கிறேன். தேதியைப் பார்த்தால் ஞாபகம் வரும் என்பார்கள். வருவதில்லை.

இத்தனையும் எடுத்தது ஏதோ களக்காட்டிலோ முதுமலையிலோ அல்ல. கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற வனத்தில். மரப் பூங்கா என்று சொன்னால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான அந்த நிலம் ஒரு காலத்தில் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. 2006-ல் ‘நிழல்’ அமைப்பினர் அதற்குள் இறங்கி, குப்பையை அள்ளி, இந்த மண்ணுக்கு உரிய மரங்களாகப் பார்த்து நட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உள்ளே போனால் நடுப்பகலிலும் தரையில் வெயில் சில்லறையாகத்தான் விழுகிறது. தலைக்கு மேலே வேளச்சேரி வண்டி தடதடக்கும், அது போன பிறகு தையல்சிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். காற்று திரும்பினால் அடையாற்றின் வாடை வரும். மொத்தமே 42 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு, அதற்குள் சுமக்கக் கூடாததையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. என் படங்கள் எதிலும் அந்த வாடை கிடையாது. என் படங்களுக்கு உள்ள ஒரே சிறப்பு என்றும் இதைச் சொல்லலாம்.

இனிமேல் படம் எடுக்காமல் நடப்பது என்று நான் முடிவெடுத்ததற்கு ஞானம் எதுவும் காரணமில்லை. கைப்பேசி ‘இடம் போதவில்லை, மாதாமாதம் பணம் கட்டினால் தருகிறோம்’ என்று தினமும் மூன்று வேளை சொல்லத் தொடங்கியது. கட்டிவிடலாமா என்று வீட்டில் கேட்டேன்.

“அந்தக் காக்காவுக்கெல்லாம் சேர்த்து நீங்க வாடகை கட்டப் போறீங்களா?” என்றாள் மனைவி.

மறுநாள் கைப்பேசியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். கை மட்டும் பழைய பழக்கத்தோடு கூட வந்தது. வேலியோரத்து எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் ஒன்று வந்து உட்கார்ந்ததும், என்னைக் கேட்காமலே வலது கை சட்டைப் பைக்குள் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், நெஞ்சைத் தடவிக்கொண்டு திரும்பியது. எதிரே நடந்து வந்த பெரியவர் நின்றுவிட்டார்.

“என்ன சார், நெஞ்சு வலிக்கறதா? செத்த உட்காருங்கோ.”

“இல்ல சார், வண்ணத்துப்பூச்சி.”

அவர் முகத்தில் கவலை இன்னும் கூடியது.

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுத் திரும்பினால் வெந்தய வரியன் அங்கேயே இருந்தது. அப்போதுதான் சங்கடம் ஆரம்பித்தது. படம் எடுத்திருந்தால் மூன்று நொடியில் வேலை முடிந்து அடுத்த செடிக்குப் போயிருப்பேன். எடுக்காததால் பார்க்க வேண்டியதாயிற்று. எவ்வளவு நேரம் பார்ப்பது? அது இறக்கையை விரித்தது, மூடியது, மறுபடி விரித்தது. போதும் என்று யார் சொல்வார்கள்? இவ்வளவு வருஷமும் படம் எடுக்கும்போது கைப்பேசி போடும் அந்தச் சின்னச் சத்தம்தான் எனக்கு ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லிவந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஒவ்வொரு படத்தையும் எடுத்தேன். அந்த நிதானம் எந்த வீட்டிலும் வரவில்லை. கைப்பேசி என் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று புகார் சொல்ல ஆசைதான். ஆனால் கெடுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை. எனக்குப் பார்க்கத் தெரியாது என்ற விஷயத்தை அது இத்தனை நாள் யாருக்கும் சொல்லாமல் காப்பாற்றி வந்திருக்கிறது, அவ்வளவே.

அன்று மீதி நடையில் செய்தது என்னவென்றால், எங்கே நின்றால் வெளிச்சம் நன்றாக விழும், எந்தக் கிளை குறுக்கே வராது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு வந்ததுதான். கைப்பேசியோடு திரும்பி வரும் நாளுக்காக.

இந்த லட்சணத்துக்கு அறிவியலையும் துணைக்கு அழைத்தேன். லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களைத்தான் அதிகம் மறந்திருந்தார்கள். இதைச் சாப்பாட்டு மேஜையில் வெற்றியோடு அறிவித்தேன். ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை என்று அதே ஆய்வு சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். மகள் விடவில்லை. அதே ஆய்விதழில் 2017-ல் வந்த இன்னொன்றையும் தேடி எடுத்து வந்தாள். இஷ்டப்படி படம் எடுத்துக்கொண்டு சுற்றியவர்களுக்குப் பார்த்தது கூடுதலாகவே ஞாபகம் இருந்ததாம். காதில் விழுந்ததுதான் ஞாபகத்தில் குறைந்ததாம்.

“காதுல விழறது அவருக்குப் படம் எடுக்காமலே மறந்துபோகுது. நேத்து வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொன்னேன்” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

சரி, காதையாவது பழக்குவோம் என்று பார்த்தேன். புங்க மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மேலே ஏதோ ஒன்று விடாமல், கோபமாக, ஒரே மாத்திரையில் கத்தியது. இதுவரை கேட்காத குரல். வடக்கேயிருந்து வலசை வந்த ஏதோ ஒன்று என்று மார்பு அடித்துக்கொண்டது. கழுத்து வலிக்க அண்ணாந்து, கிளை கிளையாகத் தேடி, கடைசியில் கண்டுபிடித்தேன். அணில். முதுகில் மூன்று கோட்டோடு, என்னைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தது.

இந்தப் படம் பிடிக்கும் வெறிக்கு என் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கோட்டூர்புரத்துக்குள் வந்தபோது, எங்கள் தரைத்தள வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில்தான் ஆல்பங்கள் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு மொட்டை மாடியில் அவற்றைக் காயப்போட்டோம். எங்கள் வீட்டு மாடி மட்டுமல்ல, அந்த வாரம் தெருவில் பாதி மாடிகளில் கல்யாணங்களும் சீமந்தங்களும் காய்ந்துகொண்டிருந்தன. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தால் மாமனாரின் முகம் சித்தப்பாவின் முதுகோடு சேர்ந்து வந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த வெறி. எதையும் படமாக எடுத்து, தண்ணீர் ஏற முடியாத ஏதோ ஒரு வெளிநாட்டுக் கணினியில் ஏற்றிவிட வேண்டும்.

அடுத்த வருஷமே சோதனை வந்தது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் மதியத்துக்குள் சாய்ந்துவிட்டது. அதன் அடியில்தான் இஸ்திரி வண்டி நிற்கும், மகளின் பள்ளி வேன் நிற்கும், நானும் பதினைந்து வருஷமாக ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறேன். அதன் படம் ஒன்றைத் தேடினேன். வண்டலூரில் எடுத்த வெள்ளைப்புலி இருந்தது, ஊட்டியில் எடுத்த, பெயர் தெரியாத பூக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தினமும் பார்க்கும் மரத்தை யார் படம் எடுப்பார்கள்? கடைசியில் அண்ணன் மகன் புது பைக்கோடு நிற்கும் படத்தில், அவன் ஹெல்மெட்டுக்குப் பின்னால் அடிமரம் ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்தது. அதைத்தான் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். மரத்தின் பட்டை எப்படி இருந்தது என்று கேட்டால், படத்தில் ஹெல்மெட் மறைக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லாமல் இல்லை. மயிலாப்பூரில், எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில்தான், மா. கிருஷ்ணன் வாழ்ந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன். 1950-ல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரி 18 வரை, தான் இறந்த நாள் வரை, எழுதியவர். ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ் என்று தானே சேர்த்துக் கட்டிய பூதாகாரமான காமிரா ஒன்றை வைத்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயர் வேறு. அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்க் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அவ்வளவு கனத்தையும் சுமந்துகொண்டு போகிறவர், கண்டதையெல்லாம் சுட்டுத் தள்ளியிருக்க முடியாது. முதலில் பார்த்திருப்பார். தெருக் காக்கையையும் சுவரோரத்துப் பல்லியையும்கூட விட்டுவைக்காமல் பார்த்தவர் அவர். நல்ல சித்திரக்காரரும்கூட.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது. படம் எடுக்காவிட்டால் என்ன, வரையலாமே! கோடு போடாத நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு போய், புறா ஒன்றின் எதிரே உட்கார்ந்தேன். புறா நன்றாகவே ஒத்துழைத்தது. வந்து எட்டிப் பார்த்த ஒரு சிறுமி, “கத்தரிக்கா சூப்பரா இருக்கு அங்கிள்” என்றாள். காம்பு என்று அவள் நினைத்தது தலை. நோட்டு இப்போது பால் கணக்குக்குப் பயன்படுகிறது.

பெரிய தோல்வி அக்டோபரில் நடந்தது. ராத்திரி முழுக்க மழை பெய்து ஓய்ந்த விடிகாலை. சருகைப் புரட்டும் சத்தம் கேட்டது. தவிட்டுக்குருவியாக இருக்கும் என்று அலட்சியமாகத் திரும்பினால், பத்தடி தூரத்தில் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. காலை ஆறு, மாலை ஆறு என்று விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரட்டை விசில் அடிக்கும். இந்திக்காரர்கள் அதற்கு ஒன்பது நிறம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ண ஆரம்பித்தேன். முதுகு பச்சை. இறக்கையில் ஒரு துண்டு நீலம். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அடிவயிற்றில் சிவப்பு. வால் மட்டும் பெயருக்குத்தான் இருந்தது. வாலையே எடுத்துப் பழகியவனுக்கு இப்படி ஒரு பறவை.

ஐந்தாவது நிறத்துக்குப் போவதற்குள் எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டுவிட்டது. இதை நான் பார்த்தேன் என்று வேறு யாருக்காவது தெரிந்தாக வேண்டும். காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடிவந்த கல்லூரிப் பையனைக் கை காட்டி நிறுத்தினேன்.

“தம்பி, அந்தப் பறவைய ஒரு படம் எடுத்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப முடியுமா?”

அவன் காதிலிருந்து கழற்றிவிட்டு, “என்ன அங்கிள்?” என்றான்.

நான் மறுபடி சொன்னேன், சற்று உரக்க. விரலை நீட்டிக் காட்டவும் செய்தேன். பறவை இரண்டு தத்துத் தத்திப் புதருக்குள் போய்விட்டது. பையன் நல்ல பிள்ளை. வயதானவர் கேட்டுவிட்டாரே என்று, எதை எடுப்பது என்று தெரியாமல், ஒரு படம் எடுத்து, நம்பர் கேட்டு அனுப்பியும் வைத்தான். அதில் தொப்பையோடு ஒரு மனிதர் காலியான புதரைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்கிறார்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று காலை ஆறுமணிக்குருவி கண்டேன்’ என்று எழுதினேன். ‘படம்?’ என்று ஒருவர் கேட்டார். வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே போட்டேன். ‘இளைச்சிருக்கீங்க சார்’ என்று மூன்று பேர் பாராட்டினார்கள். பறவையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது கைப்பேசி மறுபடியும் கூடவே வருகிறது. ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். எதைப் பார்த்தாலும், அதைப் பற்றி மூன்று விஷயம் எனக்கு நானே சொல்லிய பிறகுதான் சட்டைப் பையில் கை வைக்க வேண்டும். தேன்சிட்டுகள் முதல் விஷயத்திலேயே போய்விடுகின்றன. மீன்கொத்தி இரண்டு வரை தாங்கியது. மூன்றையும் கேட்டு முடிக்கும் பொறுமை, போன ஞாயிற்றுக்கிழமை மழைக்கு வெளியே வந்திருந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்குத்தான் இருந்தது. 1847-ல் ஓர் ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டதன் வாரிசு. கண்ணில் பட்ட செடியையெல்லாம் மொட்டையடிக்கும். ஓட்டில் பழுப்புக் கோடுகள் கீழே அகன்று மேலே போகப்போக நெருங்குகின்றன. பெரிய கொம்பு இரண்டின் நுனியில் கண். அது போன வழி முழுக்க ஈரம் மின்னுகிறது. மூன்றும் சொல்லியாயிற்று. ஆசை தீர, கீழே குந்தி, நாலா பக்கத்திலிருந்தும் எடுத்தேன்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். செடிகளுக்குத் தண்ணீர் விடும் அம்மா, கையில் உப்புத் தண்ணீர் வாளியோடு.

“போட்டோ ஆச்சா சார்? ஆச்சுன்னா கொஞ்சம் நகருங்க. அதப் பொறுக்கணும்.”