பவளத்திட்டில் ஒருநாள் பாடம்

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் துறைமுகத்திலிருந்து காலையில் புறப்படும் கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் படகு, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டின் விளிம்பை அடைவதற்குள், பவளம் என்பது பாறையும் அன்று, செடியும் அன்று, சுண்ணாம்பில் வீடு கட்டிக் கூட்டமாக வாழும் சிறு விலங்கே என்று பயணிகளுக்குக் கற்பிக்கப்பட்டுவிடுகிறது. அலை பெரிதான நாள்களில் அவ்வறிவில் ஒரு பங்கு சிற்றுண்டியோடு காகிதப் பைக்குள் போய்விடுவதும் உண்டு.

அவ்விலங்கின் திசுவுக்குள் குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் சமைத்த உணவில் பெரும்பங்கை வாடகையாகச் செலுத்தும் நுண்பாசி, கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடேறிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால் வெளியேற்றப்படுகிறது. வண்ணம் போய் வெள்ளை எலும்புக்கூடு தெரியும் அந்நிலையே வெளிறல் எனப்படுவது; 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அது அடுத்தடுத்து நேர்ந்தது. இச்சூட்டுக்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிவதே காரணம் என்பதை, பாதி உலகைப் பறந்து கடந்து வந்தவர்களுக்கு, டீசலில் ஓடும் படகின் மேல்தளத்தில் நின்று விளக்கும் வழிகாட்டியின் முகத்தில் சலனமே இருப்பதில்லை. அதே கடற்கரையின் தெற்கே அபட் பாயின்ட்டில் கப்பல்களில் நிலக்கரி ஏற்றப்படுவது பாடத்திட்டத்துக்கு வெளியே போலும்.

எதையும் தொடலாகாது, எதன்மீதும் நிற்கலாகாது என்ற விதிக்குக் கடலில் இறங்குமுன் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வாயில் கவ்விய மூச்சுக்குழாயில் நீர் புகுந்த மறுகணம் துடுப்புக்கால் தேடுவதோ பவளத்தின் தலையைத்தான். தலைக்கு இவ்வளவு என வசூலிக்கப்படும் சுற்றுச்சூழல் கட்டணம் கடற்பூங்கா ஆணையத்துக்குச் செல்கிறது என்பது உண்மை. சீட்டு வாங்காத கிளிமீன் மட்டும், அருகிலேயே பவளச் சுண்ணாம்பை அலகால் கொறித்து, பயணிகள் பின்னர் துண்டு விரிக்கப்போகும் வெண்மணலைப் பின்புறமாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.