இறுதிவார இடிபாட்டேற்றம்: மாச்சு பிச்சுவை முன்வைத்து ஓர் ஆய்வு

வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கப் போன மாணவர்கள், தேர்வு முடிந்து விமானம் ஏறுவதற்குள், மலைமேல் உள்ள ஏதேனும் ஓர் இடிபாட்டைக் கூட்டமாக ஏறிப் பார்த்துவரும் வழக்கம் இறுதிவார இடிபாட்டேற்றம் எனப்படும். இது பாடத்திட்டத்தில் இல்லை, மதிப்பெண்ணும் கிடையாது. ஆயினும் பருவம் முழுவதிலும் விடுப்பு விண்ணப்பம் வராத வகுப்பு இது ஒன்றே. பெரு நாட்டின் கூஸ்கோ நகரில் ஸ்பானிய மொழி படிக்க வருவோர் மாச்சு பிச்சுவுக்குச் செல்வதை இதன் செவ்வியல் வடிவமாகக் கொள்ளலாம்.

முதலில் ஆராய வேண்டியது காலம். கூஸ்கோவிலிருந்து சாலையும் ரயிலுமாக ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். சிக்கலின் வேர் இதுவே. எந்தச் சனிக்கிழமையும் போகலாம் என்பதால் எந்தச் சனிக்கிழமையும் போவதில்லை. ஆகவே பயணம் கைகூடும் நாளில் பணம் ஆகக் குறைவாகவும், வாங்கிக் குவித்த அல்பாக்கா கம்பளித் தொப்பிகள் ஆக அதிகமாகவும் இருக்கும். டிசம்பரில் பருவம் முடிப்போருக்கு மழையும் மூடுபனியும் சேரும். ஜூன், ஜூலையில் முடிப்போருக்கு வெயிலும், அதைத் தேடி வந்த உலகமும் சேரும். சுமார் 43 கிலோமீட்டர் நீளமுள்ள இன்கா பாதையில் நான்கு நாள் நடந்து போவது மேலான முறை என்பர். அதற்குச் சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. அது மாதக்கணக்கில் முன்னரே தீர்ந்துவிடும். எனவே ஆய்வுக்குரிய இனத்தார் ரயிலில்தான் காணப்படுகின்றனர்.

அடுத்தது திசை. கூஸ்கோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மாச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர். மலையேறப் புறப்பட்டவர் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இறங்குகிறார். இதை யாரும் வீட்டுக்கு எழுதுவதில்லை. மெய்யான ஏற்றம் அடிவாரத்தில் உள்ள அகுவாஸ் காலியென்டெஸ் ஊரிலிருந்து தொடங்கும் சுமார் 400 மீட்டர் மட்டுமே. அதையும் பேருந்து அரைமணிக்குள் முடித்துவிடும். பேருந்துக் கட்டணம் மிச்சமில்லாதவர் படியேறுவார். கேட்டால், உடலுக்கு நல்லது என்பார்.

இங்கே உடலியல் குறுக்கிடுகிறது. கூஸ்கோவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதை ஈடுகட்டச் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்க, எலும்பு மச்சை கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒரு பருவம் அங்கே மூச்சு வாங்கியவர் மாச்சு பிச்சுவின் படிகளைப் பேசிக்கொண்டே ஏறுவார். மகளை அழைத்துப்போகக் கடைசி வாரத்தில் வந்திறங்கிய பெற்றோர் மூன்றாம் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவர். "அம்மா, மெதுவா வா" என்று மேலிருந்து சொல்லும் உரிமை, பட்டச் சான்றிதழைவிட முன்னதாகக் கைக்கு வருகிறது.

வரலாற்று முன்னோடி ஹைரம் பிங்கம். யேல் பல்கலைக்கழக ஆசிரியரான இவர் 1911 ஜூலை 24 அன்று மெல்ச்சோர் அர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி வழிகாட்ட இங்கே ஏறினார். 'தொலைந்த நகரம்' என்று உலகம் பின்னர் கொண்டாடிய அவ்விடத்தில் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. களைத்து வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தன. சிறுவன் ஒருவன் சுற்றிக்காட்டினான். சுவரிலோ அகுஸ்தின் லிசாராகா என்பவர் தம் பெயரையும் 1902 என்ற ஆண்டையும் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். இத்துறையின் மிகப் பழைய மேற்கோள் அதுவே; இன்று அதைப் பின்பற்றினால் காவலர் பிடிப்பார். பிங்கம் குழு பின்னர் யேலுக்குக் கொண்டுபோன தொல்பொருட்கள் திரும்பி வர நூறாண்டு ஆயிற்று. அளவுக்கு மீறிய பெட்டி, மறந்துபோன திருப்பித் தரும் தேதி ஆகிய மாணவ மரபுகள் இரண்டையும் இவரே தொடங்கிவைத்தார் எனலாம்.

இனி, பார்க்கப்படும் பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் பச்சாகுட்டி என்னும் இன்கா மன்னர் எழுப்பியதாகக் கருதப்படும் இவ்விடத்தின் பெருந்திறன் மண்ணுக்கடியில் உள்ளது. படிவயல்களின் கீழே கல், சரளை, மணல், வண்டல் என அடுக்கி மழைநீரை வடியவிட்டதால்தான் மலை சரியாமல் நிற்கிறது. மாணவர்கள் இதன்மேல் நின்றுகொண்டு எதிர்ப்பக்கம் பார்க்கின்றனர். காவற்குடில் அருகே, பின்னால் வைனா பிச்சு சிகரம் தெரிய எடுக்கும் படம் ஒன்றே செல்லுபடியாகும். அதற்கு வரிசை உண்டு. இடையில் லாமா ஒன்று வந்து நின்றால் மீண்டும் எடுக்க வேண்டியதில்லை, மதிப்புக் கூடும்.

எஞ்சிய விளைவுகள் சில. தாழ்வான ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில் கூடுதல் சிவப்பணுக்கள் குறைந்து பழைய அளவுக்கு வந்துவிடும். ஸ்பானிய வினைச்சொற்கள் அதற்கும் முன்பாகவே விடைபெறுகின்றன.